எண்பத்தேழாவது வரி

என் மடிக்கணினியில் ஒரு பட்டியல் இருக்கிறது. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு வரிகள். பொருள், எண்ணிக்கை, நிலை, எங்கே போகிறது என்று நான்கு பத்திகள். அதில் எண்பத்தேழாவது வரி பொய். எழுதியவள் நான்.

போன வருடம் மழைக்காலம் தொடங்கும் முன்னால், ஒரு மத்தியான நேரத்தில், காற்றும் மழையும் இல்லாமல் கடல் கரையேறியது. எங்கள் பக்கத்தில் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். குழித்துறையிலிருந்து கடலுக்குப் போகும் வழியில், ரப்பரும் வாழையும் நிற்கும் மேட்டில் இருக்கிறது எங்கள் ஊர். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடற்கரை வீடுகளில்தான் பாயும் அரிசியும் மிக்ஸியும் பள்ளிக்கூடப் புத்தகமும் மணலோடு மணலாகிப் போயின. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் அறிவித்தார்கள். வீட்டில் உள்ள நல்ல பொருட்களை ஆலயத்தை ஒட்டிய மண்டபத்தில் கொண்டுவந்து வையுங்கள், சனிக்கிழமை வண்டி போகும்.

பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. மார்த்தாண்டத்தில் ஒரு மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிப்பது என் தொழில். எந்தக் கருவி சரியாகக் காட்டுகிறது, எதில் கசிவு, எதை எப்போது சோதித்தோம் என்று எழுதிவைக்க வேண்டும். வீட்டிலும் ஃபிரிட்ஜ் கதவில் என் கையெழுத்தில் மூன்று பட்டியல்களாவது ஒட்டியிருக்கும். அம்மா அவற்றை வாசிப்பதில்லை. கிழிப்பதும் இல்லை.

மண்டபத்தில் நான் மூன்று குவியல்களை வகுத்தேன். அப்படியே அனுப்பலாம், துவைத்து அனுப்பலாம், கண்டம். கண்டம் என்பது இனி உதவாது என்று ஒதுக்கிய கருவிக்கு எங்கள் மருத்துவமனையில் சொல்லும் சொல். அங்கே ஒரு கருவியைக் கண்டம் செய்ய மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். நான், வார்டு பொறுப்பு நர்ஸ், மேலாளர். மண்டபத்தில் நான் ஒருத்தி சொன்னால் போதும். அந்த வித்தியாசத்தை அப்போது கவனிக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. கவனித்தேன்.

நல்ல பொருட்கள் வரத்தான் செய்தன. புதிய பாய், பிரிக்காத போர்வை, அரிசி. கூடவே ஒற்றைச் செருப்பு வந்தது. ரப்பர் போன உள்ளாடை வந்தது. நாள் கடந்த இருமல் மருந்து பாதிக் குப்பி வந்தது. வளைகுடாவில் வேலை பார்த்த யாரோ ஒருவருடைய கனத்த கம்பளிக் கோட்டு வந்தது, கடற்கரைக்கு. என்னோடு தரம் பிரித்துக்கொண்டிருந்த சபைப் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"குப்பையில களயதுக்கு மடி பட்டு இஞ்ச கொண்டு தந்திருக்காவ. இதுக்குப் பேரு தானமாம்."

கண்டக் குவியலில் இருந்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது யாரும் சொல்லாமலே ஏற்பட்ட வழக்கம். அந்தப் பெண்ணே மூடி இல்லாத பிளாஸ்க் ஒன்றைத் தன் பைக்குள் வைத்தார். "மூடி இல்லாம இது அங்க போய் என்னத்துக்கு? எனக்க வீட்டில மூடி மட்டும் ஒண்ணு கெடக்கு" என்றார். நான் சிரித்தேன். பட்டியலில் ‘பிளாஸ்க், ஒன்று, கண்டம்’ என்று எழுதினேன். மனதுக்குள் அவரைப் பற்றி வேறு ஒரு வரியும் எழுதினேன். அதை இங்கே சொல்ல மாட்டேன். அந்த வரி எனக்கே திரும்பி வந்துவிட்டது.

களைந்ததை எடுப்பது எனக்குப் புதிது அல்ல. படிக்கிற காலத்தில் பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் எடுக்கும் ஆக்கர் கடைக்குள் போய் உட்கார்ந்திருப்பேன். உடைந்த ஃபேனிலிருந்து மோட்டார், பழைய ரேடியோவிலிருந்து ஸ்பீக்கர், எரிந்துபோன சார்ஜரிலிருந்து நல்ல பாகம் என்று பொறுக்குவேன். கல்லூரியில் நான் செய்த கருவிகளில் பாதி அந்தக் கடையிலிருந்து வந்தவை. அதில் எனக்குப் பெருமையே உண்டு. ஒருவர் வேண்டாம் என்றதை இன்னொருவர் எடுத்தால் யாருக்கும் குறை இல்லை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். நான் செய்தது அந்தக் கணக்கில் வராது.

எண்பத்தேழாவது பொருள் ஒரு துணிப்பைக்குள் இருந்தது. நெபுலைசர். மருந்தை ஆவியாக்கி மூச்சுவழியாகக் கொடுக்கிற, இழுப்பு நோய்க்காரர்களுக்கான இயந்திரம். சிறியது, வெள்ளை, கீறல்கூட இல்லை. தட்டையான மூன்று கால்கள் உள்ள வளைகுடா பிளக் அதில் இருந்தது. மண்டபத்தில் எல்லா பிளக்கும் நுழைகிற நீளமான சாக்கெட் ஒன்று உண்டு. அதில் செருகினேன். ஓடவில்லை.

"ஓடல்லியா?" என்றார் பிளாஸ்க் எடுத்த பெண்.

"ஓடல்ல."

"அப்பம் கண்டம்."

அவர் சொன்னார், நான் எழுதினேன். இப்படிச் சொன்னால் அது பாதிப் பொய். வளைகுடா பிளக்கின் உள்ளே ஓர் அங்குல நீளத்தில் ஒரு ஃப்யூஸ் இருக்கும். நம் ஊர் பிளக்கில் அது கிடையாது. ஆகவே அங்கிருந்து வந்த இஸ்திரிப் பெட்டியோ மிக்ஸியோ ஒருநாள் நின்றுபோனால், இங்கே வீட்டுக்கு வீடு ‘போச்சு’ என்று சொல்லிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். அப்படி ஏற்றியவற்றில் எத்தனையோ நான் இறக்கி, பிளக்கை வெட்டி மாற்றி ஓடவைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் அது எனக்கு ஒரு பேரே வாங்கித் தந்தது. ஆக, அந்த இயந்திரம் ஓடாதபோது எனக்கு முதலில் தோன்றியதே ஃப்யூஸ்தான். திருப்புளி கைப்பையில் இருந்தது. திறந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகும். திறக்கவில்லை. ‘நெபுலைசர், ஒன்று, கண்டம்’ என்று தட்டெழுதினேன். பையைக் கண்டக் குவியலில் வைக்காமல் என் நாற்காலிக்குப் பின்னால் வைத்தேன்.

குப்பையிலிருந்து ஒன்றை எடுப்பது தவறில்லை. நான் எடுப்பதற்காக அதைக் குப்பை ஆக்கினேன்.

அவசியம் என்று சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு மழைக்காலத்தில் லேசாக இழுப்பு வரும். அதற்கு உறிஞ்சும் மருந்து இருக்கிறது. நெபுலைசர் வாங்க முடியாத வீடும் இல்லை எங்களுடையது. வாங்க வேண்டும் என்று ஒரு பட்டியலில் எழுதி இரண்டு வருடமாக அடுத்த மாதத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். நல்ல இயந்திரம் ஒன்று கைக்கு வந்தது, அதை நேராக்கத் தெரிந்தவள் அந்த மண்டபத்தில் நான் ஒருத்திதான். அது என்னைத் தேடி வந்ததாக எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை வண்டி போனது. ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் துணி விரித்து உட்கார்ந்தேன். ஃப்யூஸ் போயிருந்தது, நினைத்ததுபோலவே. பிளக்கை வெட்டி நம் ஊர் பிளக் பொருத்தினேன். இயந்திரம் சீராக உறுமியது. "களஞ்ச சாதனமாக்கும், நான் நேராக்கினேன்" என்றேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். "எனக்க பிள்ளைக்க கை பட்டா செத்ததும் எழும்பும்" என்றார்.

புது முகமூடியும் குழாயும் மருந்துக்கடையிலிருந்து வாங்கி வைத்திருந்தேன். பழைய முகமூடியை எடுத்துப் போடலாம் என்று அதன் உறையைத் திறந்தபோது உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. கோடுபோட்ட தாளில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும் கையெழுத்து.

‘நம்ம மீன்காரியின் பிள்ளைக்கு. பிளக் மட்டும் மாற்ற வேண்டும்.’

யாருடைய கையெழுத்து என்று உடனே தெரிந்தது. ஆலயத்துக்குப் பின்தெருவில் இருக்கும் டீச்சர். ஓய்வுபெற்றவர், பிள்ளைகள் இல்லை. அவருடைய கணவர் மஸ்கட்டில் நெடுங்காலம் வேலை பார்த்து, இழுப்போடு திரும்பி வந்து, இரண்டு வருடங்களுக்கு முன் இறந்துபோனார். மீன்காரி என்று அவர் எழுதியவரையும் எனக்குத் தெரியும். வாரத்தில் மூன்று நாள் அலுமினியச் சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கும் பின்தெருவுக்கும் வருகிற மீன்காரக்கா. நாற்பது வயது இருக்கும். என் வயதுப் பெண்கள் யாரைப் பார்த்தாலும், மகளே என்பதை மோளே என்று விளிப்பார். அவருடைய ஏழு வயது மகளுக்கு இழுப்பு உண்டு என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த செய்தி. கடல் புகுந்த வீடுகளில் அவருடையதும் ஒன்று.

நான் சீட்டை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன்.

வைத்த கையோடு மனதுக்குள் ஒரு பட்டியலும் போட்டேன். ஒன்று, வண்டி போய்விட்டது. இரண்டு, பட்டியலை எல்லோருக்கும் அனுப்பியாகிவிட்டது, மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். மூன்று, ஒருவர் பயன்படுத்திய மருத்துவக் கருவியை இன்னொருவருக்குக் கொடுப்பது சுகாதாரமல்ல, என் தொழிலில் அதற்கு விதியே இருக்கிறது. நான்கு, டீச்சர் நேராகக் கொடுத்திருக்கலாமே. எண் போட்டு எழுதினால் எதுவும் நியாயம்போலத் தெரியும். இதை நான் வெகுநாள் முன்பே கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்று வாரம் மீன்காரக்கா வரவில்லை. வீட்டைச் சுத்தம் செய்கிறார் என்றார்கள். பிறகு ஒருநாள் காலையில், நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, வாசலில் குரல் கேட்டது.

"மீனே... சாளை, நெத்திலி..."

அம்மா ஓடிப்போய்ச் சருவத்தை இறக்கப் பிடித்தார். "வந்தியா மக்கா? வீடு எப்பிடி கெடக்கு?"

"உள்ள கெடந்த மண்ணையெல்லாம் வாரி கடலுக்கே திருப்பிக் குடுத்தாச்சு, அக்கா. அதுக்க சொத்து அதுக்கு."

"பிள்ளைக்கு?"

"அதாக்கும் சங்கடம். சுவரு இன்னும் காயல்ல. ஈரம் பட்டு இழுப்பு கூடிப் போச்சு. ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். பின்தெரு டீச்சரு ஆவி மெஷினு ஒண்ணு சபை வழியா தாறேண்ணு சொன்னாவ. வண்டி வந்த அண்ணைக்கு நான் ஒவ்வொரு சாக்கா அவுத்துத் தப்பிப் பாத்தேன். அரிசி கிட்டிச்சு. பாய் கிட்டிச்சு. ஒரு கம்பளிக் கோட்டு கிட்டிச்சு. எனக்க மாப்பிள அதைப் போட்டுட்டு நிண்ணா கரடி கணக்கா இருக்கு, தெரு பிள்ளையளு எல்லாம் சிரிக்கு. மெஷினு மட்டும் கிட்டல்ல." குரலைத் தாழ்த்தினார். "பெரிய மனுசங்க வாயால தருவாவ. கைக்கு வராது."

நான் முன்னறையில் கைப்பையின் வாரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் அப்படிக் கூப்பிட முடிந்தது.

"ஏட்டி! உனக்க மெஷினு ஒண்ணு கெடக்கே. எனக்கு என்னத்துக்கு அது? எடுத்துட்டு வா, பிள்ளைக்குக் குடுப்பம்."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். இயந்திரத்தோடு சீட்டையும் எடுத்து வந்திருந்தாலே போதும், நான் பேசக்கூட வேண்டியிருக்காது. இயந்திரத்தை மட்டும் எடுத்து வந்தேன். படியில் உட்கார்ந்து, மருத்துவமனையில் நோயாளியின் வீட்டாருக்குச் சொல்வதுபோல ஒழுங்காகச் சொன்னேன். மருந்து டாக்டர் எழுதித் தந்தது மட்டும், முகமூடியைத் தினமும் வெந்நீரில் கழுவ வேண்டும், பிள்ளையைப் படுக்கவைத்துக் கொடுக்காதீர்கள். எல்லாம் சொன்னேன். சொல்ல வேண்டியது ஒன்றைத் தவிர.

மீன்காரக்கா ஈரக்கையால் என் இரண்டு கையையும் பிடித்தார். "மோளே, நீ நல்லா இருப்ப" என்றார். விரல்களில் செதில் ஒட்டியது. அன்று முழுக்க மருத்துவமனையில் அடிக்கடி கை கழுவினேன். நாற்றத்துக்காக இல்லை.

அடுத்த முறை வந்தபோது வாழையிலையில் பொதிந்து ஒரு பெரிய நெய்மீன் துண்டைத் தந்தார். அம்மா எவ்வளவு சொல்லியும் பணம் வாங்கவில்லை. அம்மா தேங்காய் அரைத்து மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். இறங்கியது. இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டேன்.

பிறகு என் பெயர் வீடு வீடாகப் போனது. மீன்காரக்கா எந்த வாசலில் சருவத்தை இறக்கினாலும் இஞ்சினியர் பிள்ளை தந்த மெஷினைப் பற்றிச் சொன்னார். அதே மூச்சில், சொல்லிவிட்டுத் தராத டீச்சரைப் பற்றியும் சொன்னார். ஆராதனைக்குப் போனால் பெண்கள் என் தோளைத் தட்டினார்கள். இரண்டு இருக்கை முன்னால் டீச்சர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டுத் தேயிலை போட உள்ளே போனார்.

"ஒரு மாசமா எனக்கு மீன் இல்ல, தெரியுமா மக்களே?" என்றார் டீச்சர். "எனக்க கேட்டைத் தாண்டிப் போறா. கூப்பிட்டா செவி கேக்காதது மாதிரி நடக்கா. முட்டை தின்னு முட்டை தின்னு நான் கோழியா மாறப் போறேன்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

"நான் ஒரு மெஷின் சபைக்குக் குடுத்திருந்தேன். அது அவளுக்குக் கிட்டல்ல. நீ அவளுக்கு ஒண்ணு குடுத்தியாமே, நல்ல காரியம். பிள்ளைக்கு உதவிச்சே, அது போதும். ஆனா எனக்க சாதனம் எங்க போச்சுண்ணு உனக்க லிஸ்டில பாத்துச் சொல்லு. வேற ஆருக்காவது போயிருந்தா போட்டு. நான் சும்மா வாயால சொல்லல்ல, குடுத்தேண்ணு அவளுக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

அம்மா உள்ளேயிருந்து கேட்டார்: "நேரே அவ கையிலயே குடுத்திருக்கலாமே டீச்சர்?"

"நேரே குடுத்தா மறுநாளே எனக்கு மீன் சும்மா கொண்டு வருவா. வேண்டாம்ணு சொன்னா சடைவா. சபை வழியா போனா அவ ஆருக்க முன்னாலயும் குனியாண்டாம்."

நெய்மீன் வைத்த சட்டி அப்போதும் அடுக்களையில் கவிழ்ந்து கிடந்தது. மடிக்கணினியைத் திறந்தேன். தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனாலும் மேலிருந்து கீழே மெதுவாக நகர்த்தினேன். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் தோளுக்கு மேலே குனிந்தார்.

"எண்பத்தேழு. இதாக்கும். கண்டம்ணா?"

"உதவாதுண்ணு ஒதுக்கினது, டீச்சர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா ஓடிட்டிருந்ததே. அவிய கடைசிவரை அதுலதான்..." நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார். "ரெண்டு வருசம் பரணில கெடந்துதே, கெட்டுப் போயிருக்கும். நான் ஒரு தடவ ஓட்டிப் பாத்திருக்கணும். நான் பாக்கல்ல. சே. உதவாத ஒண்ண குடுத்துட்டு, தந்தேன் தந்தேண்ணு சொல்லிட்டு நடந்திருக்கேன். அவ பேசினதில என்ன தப்பு? திங்கக்கிழம அவளை நிறுத்தி மன்னிப்பு கேக்கேன்."

இழுப்பறை என் முழங்காலை ஒட்டி இருந்தது. அவர் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால், ஒரு கேள்வி அதட்டிக் கேட்டிருந்தால், நான் பொய் சொல்லியிருப்பேன் என்றே நினைக்கிறேன். பொய் தயாராக இருந்தது. ஆனால் அவர் பிழையைத் தன்மேல் எடுத்துக்கொண்டு போகப் புறப்பட்டார். நான் இழுப்பறையைத் திறந்து சீட்டை மேசைமேல் வைத்தேன்.

அவர் தன் கையெழுத்தைத் தானே வாசித்தார்.

"மெஷின் கெட்டுப் போகல்ல, டீச்சர். பிளக்குக்குள்ள ஒரு ஃப்யூஸ். அது எனக்கு அப்பமே தெரியும். கண்டம்ணு எழுதி நான் எடுத்தேன். மீன்காரக்காவுக்கு இப்பம் கெடக்கது உங்க மெஷினாக்கும்."

தேயிலையோடு வந்த அம்மா அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டார். டீச்சர் சீட்டை மறுபடி வாசித்தார். பிறகு "கொள்ளாம்" என்றார். எங்கள் ஊரில் சமையல் நன்றாக இருந்தால் சொல்லும் சொல் அது. சீட்டை எடுத்துக் கைக்குட்டைக்குள் வைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். தேயிலையை ஆற்றி வைத்தும் யாரும் குடிக்கவில்லை.

அம்மா அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களை நகர்த்தினார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "அவளுக்கே உள்ள சாதனத்தை எனக்க வாயால தானம் பண்ண வச்சியேட்டி."

அன்றே பட்டியலைத் திருத்தினேன். எண்பத்தேழாவது வரியில் ‘கண்டம்’ என்பதை அடித்து, ‘நல்ல நிலையில் இருந்தது, பட்டியல் எழுதியவரே எடுத்துக்கொண்டார், பிறகு உரியவரிடம் சேர்ந்தது’ என்று எழுதி, சபைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். செயலர் இரண்டு கைகூப்பிய படத்தைப் பதிலாக அனுப்பினார். வேறு இரண்டு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். யாரும் திறந்து வாசிக்கவில்லை. இருநூற்றுப் பதினான்கு வரிகளுக்குள் ஒளிந்துகொண்டு ஒரு தவறை ஒப்புக்கொள்வது எவ்வளவு வசதி என்று அப்போதுதான் தெரிந்தது. திருத்தியும் அந்த வரி என்னைப் பெயர் சொல்லாமல் ‘எழுதியவர்’ என்றுதானே சொல்கிறது. அதனால்தான் இப்போதும் அதைப் பொய் என்கிறேன்.

திங்கட்கிழமை காலை வழக்கத்துக்கு ஒரு பஸ் முன்னதாகச் சந்திப்புக்குப் போனேன். கடற்கரையிலிருந்து மீன்காரப் பெண்களை ஏற்றிவரும் டெம்போ அங்கேதான் நிற்கும். மீன்காரக்கா இறங்கி, சருவத்தைக் கடைத்திண்ணையில் வைத்துவிட்டு, தலையில் வைக்கும் சும்மாட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு காரியம் சொல்லணும்."

"சொல்லு மோளே. மெஷினைக் கேக்க வந்தியா? நல்லா ஓடுது. பிள்ளை அதைப் போட்டுட்டு ஆனை மாதிரி ஊதிட்டு இருக்கா."

"அது டீச்சர் உங்களுக்குக் குடுத்த மெஷினாக்கும்."

வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அந்த வரிசையிலேயே சொன்னேன். சும்மாட்டுத் துணி அவர் கையில் பாதிச் சுருளாக நின்றது.

"சீட்டு எழுதி இருந்திச்சா? எனக்க பிள்ளைக்குண்ணு?"

"ஓ, இருந்திச்சு."

"நீ வாசிச்சியா?"

"வாசிச்சேன்."

"எப்பம்?"

"வண்டி போன மறுநாள்."

அவர் விரலை மடக்கி நாட்களை எண்ணினார். மேலே பார்த்துக்கொண்டு, உதடு அசைய, இரண்டு முறை எண்ணினார். "அப்பம் ரெண்டு தடவையும் அதுக்குப் பொறவாக்கும்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய இரண்டு தடவைகள். என் வரிசையில் அது இல்லை. நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே இல்லை.

பக்கத்தில் சருவம் இறக்கிக்கொண்டிருந்த இன்னொரு மீன்காரப் பெண் திரும்பிப் பார்த்தார். "என்னட்டி, காலம்பறயே?"

"ஒண்ணுமில்ல. வீட்டுக் காரியம்" என்றார் மீன்காரக்கா. என்னிடம் திரும்பினார். "அந்த நெய்மீன தின்னியா?"

"தின்னேன்."

"நல்லா இருந்திச்சா?"

"இருந்திச்சு."

"இருக்கும். அது நல்ல மீனாக்கும்." துணியை முழுதாகச் சுருட்டித் தலையில் வைத்தார். "டீச்சரை நான் எத்தன வாசலில நிண்ணு பேசினேண்ணு உனக்குத் தெரியுமா? கோயில் தெரு, பின்தெரு, கான்வென்ட் சிஸ்டர்மாரு வரைக்கும் சொல்லியாச்சு. இப்பம் எந்த மூஞ்சிய வச்சிட்டு அவிய கேட்டில போய் மீனேண்ணு விளிப்பேன்? நீ கூட வா. நான் ஒத்தைக்குப் போவ மாட்டேன். தூக்கி விடு."

சருவத்தின் ஒரு விளிம்பை நான் பிடித்தேன், மறுவிளிம்பை அவர். நான் நினைத்ததைவிட மிகவும் கனமாக இருந்தது. வாரத்தில் மூன்று நாள் எங்கள் வாசலில் இறங்குகிற பாத்திரம்தான், இதுவரை நான் தொட்டதில்லை. அவர் முன்னால் நடந்தார். நான் மருத்துவமனை அடையாள அட்டை கழுத்தில் ஆட, பின்னால் நடந்தேன். என் பஸ் எங்களைக் கடந்து போனது.

டீச்சர் வீட்டுக் கேட்டில் அவர் நின்றார். கூப்பிட வாயைத் திறந்து மூடினார். என்னைப் பார்த்தார். நான் கேட்டின் கொண்டியைத் தட்டினேன். டீச்சர் கதவைத் திறந்து, எங்கள் இருவரையும் பார்த்து, படியிலேயே நின்றார்.

"டீச்சரே" என்றார் மீன்காரக்கா. "நான் உங்களை ஒரு மாசமா ஊரெல்லாம் பேசிட்டேன்."

"கேட்டேன்" என்றார் டீச்சர்.

"எனக்குத் தெரியாது."

"எனக்கும் முந்தாநாள்தான் தெரியும்."

இருவரும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். மீன்காரக்கா சருவத்தை இறக்க, டீச்சர் வந்து பிடித்தார். பிறகு குனிந்து ஒரு சாளையை எடுத்து, செவிளை விரித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்தார்.

"இது நேத்தத்த மீனு."

"போங்க டீச்சரே! காலம்பற வலையில கெடந்து துடிச்ச மீனாக்கும். முட்டை தின்னு தின்னு உங்களுக்குக் கண்ணும் போச்சு."

"முட்டை தின்னேண்ணு உனக்கு ஆரு சொன்னா?"

"கேட்டைத் தாண்டிப் போனாலும் அடுக்களை மணம் தெரியாமலா இருக்கும்?"

டீச்சர் உள்ளே போய்ச் சட்டி கொண்டுவந்தார். பேரம் பேசினார்கள். மீன்காரக்கா கொஞ்சம் கூடுதலாக அள்ளிப் போட்டபோது டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்துச் சருவத்தில் திருப்பிப் போட்டார். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று கேட்டார். போகிறது என்றார் அவர். மெஷின் போடும்போது பிள்ளை அழுகிறதா என்று கேட்டார். இல்லை என்றார். தன் கணவர் முதலில் அழுதார் என்று டீச்சர் சொல்ல, இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். யாரும் என்னைப் போகவும் சொல்லவில்லை, உள்ளே வரவும் சொல்லவில்லை. கடைசியில் மீன்காரக்கா சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தபோதுதான் என்னைப் பார்த்தார்.

"நீ என்னத்துக்கு நிக்க? வேலைக்கு நேரமாச்சே, போ."

அடுத்த பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பேச்சில் என்ன குறைந்தது என்று தெரிந்தது. அவர் மோளே என்று சொல்லவில்லை. இப்போதும் வாரத்தில் மூன்று நாள் எங்கள் வாசலுக்கு வருகிறார். அம்மாவிடம் பேசுகிறார், கோட்டுப் போட்ட கரடியைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிறார். சருவத்தை இறக்க நான் போய்ப் பிடித்தால் பிடிக்க விடுகிறார். என்னை எந்தப் பெயராலும் அழைப்பதில்லை.